பூட்டும் பெயரும்: லகாடோஷ் என்ற ஹங்கேரியக் குடும்பப் பெயரின் வரலாறு



இந்த நினைவுப் பேருரைக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அது நம் மொழிச் சொல் அல்ல. ஹங்கேரி நாட்டுச் சொல்: லகாடோஷ். அந்த மொழியில் 'லகட்' என்றால் பூட்டு. பொருளின் பெயரோடு ஒரு விகுதியைச் சேர்த்தால் அதைச் செய்பவரின் பெயர் கிடைத்துவிடும். 'அஸ்டல்' என்பது மேசை. 'அஸ்டலோஷ்' என்பவர் தச்சர். 'ஃபசேக்' என்பது பானை. 'ஃபசேகஷ்' என்பவர் குயவர். அப்படியே 'லகடோ'டு விகுதி சேர்ந்து பூட்டு செய்பவர் லகாடோஷ் ஆனார். தொழிலின் பெயர் பிறகு குடும்பத்தின் பெயராயிற்று. அங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். ஒருவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் குடும்பப் பெயர் நம் காதில் விழுந்துவிடுகிறது.

இந்தப் பெயரை ஏன் எடுத்துக்கொண்டோம்? ஹங்கேரியில் தொழிலிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள் ஏராளம். கோவாச் என்றால் கொல்லர். சபோ என்றால் தையற்காரர். மோல்நார் மாவு அரைப்பவர். டகாச் நெசவாளர். வர்கா செருப்புத் தைப்பவர். மேசாரோஷ் இறைச்சி வெட்டுபவர். டீமார் தோல் பதனிடுபவர். அந்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் பெயர்களில் இவற்றில் பல இருக்கின்றன. செருப்புத் தைப்பவர் என்ற பெயரோடு ஒருவர் நீதிபதியாகலாம், தோல் பதனிடுபவர் என்ற பெயரோடு பேராசிரியராகலாம். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. நம் ஊரில் இந்தத் தொழில்களின் பெயர்கள் என்ன பாடு படுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அதே ஹங்கேரியில் லகாடோஷ் என்ற பெயரைக் கேட்டதும் பலர் ஒரு கணம் நிற்கிறார்கள். 'இவர் ரோமாவோ?' என்ற கேள்வி அவர்கள் முகத்தில் வந்துபோகிறது. ரோமா என்போர் ஐரோப்பா முழுவதும் 'ஜிப்சி' என்றும், ஹங்கேரியில் 'சிகானி' என்றும் அழைக்கப்பட்ட மக்கள். கொல்லரின் பெயருக்கு இல்லாத இந்தச் சந்தேகம் பூட்டு செய்பவரின் பெயருக்கு எப்படி வந்தது? இரண்டும் இரும்பு வேலைதானே? இன்றைய உரை முழுவதும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

பெயர் தொழிலை விட்டுப் பிரிந்த விதம்

ஹங்கேரியில் குடும்பப் பெயர்கள் ஏறத்தாழ 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் வேரூன்றத் தொடங்கின. ஒரே ஊரில் பத்து யானோஷ் இருந்தால் வரி எழுதுபவர் எப்படிப் பிரித்தறிவது? கொல்லர் யானோஷ், தையற்கார யானோஷ் என்று எழுதினார். மகன் அப்பனின் பெயரையும் சேர்த்துச் சுமந்தான். நகரங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கைவினைச் சங்கம் இருந்தது. யார் தொழில் செய்யலாம், யார் பயிற்சிக்கு வரலாம், பொருளுக்கு என்ன விலை என்பதையெல்லாம் அச்சங்கமே தீர்மானித்தது. நகரத்துப் பூட்டுத் தொழிலாளிக்கு அது மரியாதை தந்தது. பேரன் வேறு தொழிலுக்குப் போனான். பெயர் மட்டும் பழைய தொழிலைச் சொல்லிக்கொண்டு நின்றது. காலப்போக்கில் அது வெறும் ஓசையாகிவிட்டது. கோவாச் என்ற பெயருள்ள மருத்துவரிடம் போகிறவர் சுத்தியலை நினைப்பதில்லை.

பின்னால் வந்த காலத்தில் இத்தகைய பெயர்கள் தேடிப்போய் வாங்கும் பொருளாகவும் ஆயின. 1787-இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு போட்ட ஆணைப்படி, யூதர்கள் மறு ஆண்டின் முதல் நாளிலிருந்து ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நூறு ஆண்டுகள் கழிந்ததும் காற்று திசை மாறியது. ஹங்கேரிய தேசியம் எழுச்சி பெற்றபோது ஜெர்மன், ஸ்லாவியப் பெயர்களை விட்டு ஹங்கேரியப் பெயர்களை ஏற்பது நாட்டுப்பற்றின் அடையாளமாகக் கருதப்பட்டது. 1881-இல் பெயர் மாற்றக் கட்டணத்தை ஐந்து ஃபோரிண்டிலிருந்து ஐம்பது கிராய்ட்சாராகக் குறைத்தார்கள். பத்தில் ஒரு பங்கு. மாற்றிக்கொண்டவர்களை 'ஐம்பது கிராய்ட்சார் ஹங்கேரியர்' என்று கேலி செய்தவர்களும் உண்டு. இப்படி யூதர், ஜெர்மானியர், ஸ்லோவாக்கியர் பலரும் புதுப் பெயருக்கு வந்தார்கள்.

தொழிற்பெயர் அரசியல் மதிப்பும் பெற்றது. 1956 முதல் 1988 வரை ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் கட்சியைத் தலைமையேற்று நடத்திய யானோஷ் காடாரின் பிறப்புப் பெயர் செர்மனிக். தலைமறைவுக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட பெயர் காடார். மரப்பீப்பாய் செய்பவர் என்று பொருள். அந்தப் பெயரோடுதான் அவர் ஆட்சி செய்தார்.

ஆக, தொழிற்பெயரில் இயல்பாக எந்த இழிவும் இல்லை. அது உழைப்பின் பெயர். இழிவு வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தைக் காண ஓர் ஆண்டுக்குப் போவோம்.

1944: ஒரே பெயர், மூன்று விதி

1944 மார்ச் மாதம் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். அந்த ஆண்டில் லகாடோஷ் என்ற பெயரோடு மூன்று வகை மனிதர்களைப் பார்க்கிறோம்.

முதலாமவர் படைத்தளபதி கேசா லகாடோஷ். 1890-இல் பிறந்தவர், கிழக்குப் போர்முனையில் ஹிட்லருக்குத் துணைநின்ற ஹங்கேரியப் படையின் தளபதிகளில் ஒருவர். 1944 ஆகஸ்ட் 29 அன்று நாட்டின் பிரதமரானார். போரிலிருந்து விலக ஆட்சித்தலைவர் ஹோர்த்தி முயன்ற காலம் அது. அக்டோபர் நடுவில் ஜெர்மானியர்கள் அவர்களை வீழ்த்தி அம்புச் சிலுவைக் கட்சியை அரியணை ஏற்றினார்கள். இவருடைய முழுப் பெயரில் லகாடோஷுக்கு முன்னால் பூர்வீக ஊரைச் சுட்டும் பிரபுக் குடும்பப் பட்டம் ஒன்று இருந்தது. அந்தப் பட்டம் கூடவே நடந்ததால் 'பூட்டு செய்பவர்' என்ற சொல்லை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். போருக்குப் பின் வந்த அரசு 1947-இல் பிரபுப் பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழித்தது. அவர் 1967-இல் ஆஸ்திரேலியாவில் இறந்தார்.

இரண்டாமவர் டெப்ரெட்சென் நகரில் 1922-இல் பிறந்த யூத இளைஞர். பிறப்புப் பெயர் இம்ரே லிப்ஷிட்ஸ். ஜெர்மானியர்கள் வந்ததும் மோல்நார் என்ற பெயருக்குள் ஒளிந்து உயிர் தப்பினார். அதுவும் மாவு அரைப்பவரின் பெயர் என்பதை நினைவில் வையுங்கள். அவருடைய தாயும் பாட்டியும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்ததும் அவர் லகாடோஷ் ஆனார். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. பிரதமர் லகாடோஷின் நினைவாக என்பார்கள். சட்டைகளில் தைத்திருந்த முதலெழுத்துகள் வீணாகாமல் இருக்கட்டும் என்பதற்காக என்பார்கள். பாட்டாளியின் பெயர்போல ஒலிப்பதால் என்றும் சொல்வார்கள். கம்யூனிஸ்டாக இருந்தும் 1950-இல் கம்யூனிஸ்ட் அரசே அவரைச் சிறைவைத்தது. 1956-க்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, லண்டனில் அறிவியல் தத்துவப் பேராசிரியரானார். தத்துவம் படிக்கும் மாணவர்கள் 'ஆய்வுத் திட்டங்கள்' என்ற கருத்தாக்கத்தோடு படிக்கும் இம்ரே லகாடோஷ் இவர்தான்.

மூன்றாம் வகையினர் ரோமா மக்கள். அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு, அந்த இலையுதிர்காலத்தில் ரோமாக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து, டான்யூப் கரையிலுள்ள கொமாரோம் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தாஹாவ் முதலிய வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களிடையே மிகப் பரவலாக இருந்த பெயர்களில் ஒன்று லகாடோஷ்.

ஒருவருக்கு அந்தப் பெயரின் பொருள் பட்டத்தால் மறைந்துபோயிற்று. ஒருவர் புது வாழ்வுக்காக அதைத் தேடி எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு அது ஏற்கெனவே ஒட்டியிருந்தது, எந்த மறைவும் தரவில்லை. எழுத்தும் ஓசையும் ஒன்றுதான். மாறியது பெயருக்குப் பின்னால் நிற்கும் மனிதரின் இடம்.

ரோமாக்களுக்கு இந்தப் பெயர் வந்த வழி

ரோமாக்கள் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹங்கேரியில் இருந்தார்கள். 1423-இல் அரசர் ஷிக்மண்ட் அவர்களின் தலைவர் ஒருவருக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்தார். 1496-இல் இன்னோர் அரச ஆணை, தாமஷ் போல்கார் என்பவரின் தலைமையிலிருந்த 25 கூடார ரோமாக்கள் பேச் நகர ஆயருக்காகத் தோட்டாக்களும் போர்க்கருவிகளும் செய்யலாம் என்று அனுமதி தந்தது. துருக்கியப் போருக்கு இரும்பு தேவைப்பட்டது. இரும்பு அடிக்கத் தெரிந்தவர்களும் தேவைப்பட்டார்கள். அரசுக்குத் தேவை இருந்தவரை அவர்கள் கைவினைஞர்கள்.

ஆனால் நகரத்துக் கைவினைச் சங்கத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் ஊரோரத்தில் தோல் துருத்தியோடு அமர்ந்து ஆணி அடித்தார்கள், லாடம் செய்தார்கள், பழைய இரும்பை உருக்கிப் புதிதாக்கினார்கள். சங்கத்துக் கொல்லரும் ஊரோரக் கொல்லரும் செய்தது ஒரே வேலை. ஒன்று உரிமம் பெற்ற தொழில், மற்றது சகித்துக்கொள்ளப்பட்ட தொழில். இந்த இடத்தில்தான் பிளவு தொடங்குகிறது. அம்பேத்கர் 1936-இல் சாதியைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: அது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது என்றார் அவர். ஹங்கேரியில் இரும்பு வேலைக்கு நடந்ததும் அதுவே.

18-ஆம் நூற்றாண்டில் வியன்னா அரசு அவர்களை 'சீர்திருத்த'ப் புறப்பட்டது. அரசி மரியா தெரேசா 1758 முதல் அடுத்தடுத்து ஆணைகள் போட்டார். 1761-இல் 'சிகானி' என்ற பெயரே கூடாது, 'புதிய ஹங்கேரியர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். 1773-இல் ரோமாக்கள் தங்களுக்குள் மணம் செய்யத் தடை விதித்தார். ஐந்து வயதைக் கடந்த பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் குடியானவர் வீடுகளில் வளர்க்கச் சொன்னார். அவர் மகன் இரண்டாம் யோசேப்பின் 1783 ஆணை இன்னும் ஒருபடி போயிற்று. ரோமாக்கள் தங்கள் மொழியைப் பேசினால் 24 பிரம்படி. வீடுகளுக்கு எண் இட வேண்டும். பெயரை மாற்றிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். இதே பேரரசர்தான் நான்கு ஆண்டு கழித்து யூதர்களுக்குப் புதுப் பெயர் வைத்துக்கொள்ளக் கட்டளையிட்டார். ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பெயரை மாற்று என்று ஆணை, இன்னொரு மக்கள் கூட்டத்துக்குப் பெயரை மாற்றாதே என்று ஆணை. இரண்டும் ஒரே நோக்கத்துக்குத்தான்: ஆள்பவரின் பதிவேட்டில் ஒவ்வொருவரும் கண்டுபிடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

ரோமாக் குடும்பங்களின் பெயர்கள் தேவாலயப் பதிவேடுகளிலும் ஊர்க் கணக்குகளிலும் ஏறின. எழுதுகோல் பாதிரியார் கையிலும் அலுவலர் கையிலும் இருந்தது. லகாடோஷ், பூட்டு செய்பவர். ரோஷ்டாஷ், சல்லடை செய்பவர். கொலொம்பார், மாட்டு மணி செய்பவர். கலான்யோஷ், அகப்பை செதுக்குபவர். ஓர்ஷோஷ், நூல் நூற்கும் கதிர் செய்பவர். கிராமத்து வாழ்க்கை முழுவதும் இந்தப் பெயர்களில் இருக்கிறது. மாட்டுக் கழுத்து மணி, தானியம் சலிக்கும் சல்லடை, கிழவியின் கையிலிருக்கும் கதிர், அடுப்பிலிருக்கும் அகப்பை, கதவிலிருக்கும் பூட்டு. வீட்டுக்குள் இருந்த பொருளையெல்லாம் செய்து கொடுத்தவர்களை அந்த வீட்டுக்குள் விடவில்லை.

1893 ஜனவரி 31 அன்று ஹங்கேரிய அரசு ரோமாக்களை மட்டும் தனியே ஒரு கணக்கெடுப்புச் செய்தது. 2,74,940 பேர் என்று எண்ணிக்கை வந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே நிலையாகக் குடியமர்ந்தவர்கள். 'நாடோடி' என்ற சொல் அன்றே பொய். ஆனாலும் அந்தச் சொல்தான் நிலைத்தது.

தொழில் ரத்தத்தில் இல்லை: மொழி சொல்லும் சாட்சி

'அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த கொல்லர் சாதி. இரும்பு வேலை அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது' என்று எழுதியவர்கள் உண்டு. நாம் இதை எளிதில் நம்பிவிடக் கூடாது. ரத்தத்தில் தொழில் ஓடுகிறது என்ற வாதம் எங்கிருந்து வந்தாலும் அது வருண தருமத்தின் வாதமே.

ரோமானி மொழி இந்தியாவில் பிறந்த மொழி என்பதில் ஐயமில்லை. அது இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீருக்குப் 'பானி' என்கிறார்கள். பெயருக்கு 'நவ்' அல்லது 'அனவ்' என்கிறார்கள். நம் காதுக்குப் பழகிய 'நாமம்' தான் அது. வெள்ளிக்கு 'ரூப்', ரூபாயில் இருக்கும் அதே வேர். இரும்பைக் குறிக்கும் சொல்லும் இந்திய வேருடையது. ஆனால் பட்டறைக்குள் நுழைந்தால் நிலைமை மாறுகிறது. இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்கு 'அமோனி', லாடத்துக்குப் 'பெதலோ', ஆணிக்குக் 'கர்ஃபின்'. இவை கிரேக்கச் சொற்கள். அப்படியானால் என்ன பொருள்? உலோகங்களின் பெயர்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோனவர்கள், கொல்லர் தொழிலின் பெரும்பகுதியை வழியில், பைசாந்தியப் பேரரசில், பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். தொழில் பிறப்பிலிருந்து வரவில்லை. வழியில் கற்றது. கற்றவர்களை அதற்குள்ளேயே அடைத்துவைத்தது ஐரோப்பியச் சமூகம்.

'சிகானி' என்ற பெயரும் கிரேக்கத்திலிருந்தே வந்தது என்பது பரவலான கருத்து. 'அதிங்கனோய்' என்ற சொல்லுக்குத் 'தொடாதவர்' என்று பொருள். கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். அந்தப் பெயர் முதலில் ஒரு கிறித்தவ மறுப்புக் குழுவுக்கு இருந்தது. அவர்கள் பிறரைத் தொடாமல் ஒதுங்கியிருந்ததால் அந்தப் பெயர் பெற்றார்கள். பிறகு அது ரோமாக்கள் மேல் ஏறியது. ஆகவே இதை வைத்து 'ரோமாக்கள் அன்றே தீண்டப்படாதவர்கள்' என்று நிறுவ முடியாது. வரலாறு எழுதும் நாம் நமக்குப் பிடித்த சான்றிடம் கூடுதலாகவே கண்டிப்புக் காட்ட வேண்டும்.

நம் பெயர் அவர்கள் மேல் விழுந்தது

இனி நமக்கும் லகாடோஷ்களுக்கும் இடையிலுள்ள உண்மையான கண்ணியைப் பார்ப்போம்.

1776-இல் வியன்னா இதழ் ஒன்றில் ஒரு கதை வெளிவந்தது. வாயி இஷ்த்வான் என்ற ஹங்கேரியப் பாதிரியார் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் மலபார் மாணவர்கள் மூவரைச் சந்தித்தாராம். அவர்கள் பேச்சிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டினாராம். ஊர் திரும்பி ரோமாக்களிடம் சொன்னபோது அவர்களுக்குப் பொருள் புரிந்ததாம். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தார்கள். எனவே ரோமாக்களைத் தமிழரோடு சேர்க்க இந்தக் கதை நமக்கு ஆசைகாட்டும். ஆனால் தமிழோ மலையாளமோ பேசியிருந்தால் ஆயிரம் சொல் ரோமாக்களுக்குப் புரிந்திருக்க வழியில்லை. கதையின் விவரங்களை ஆய்வாளர்களும் ஐயுறுகிறார்கள்.

ஐயத்துக்கு இடமில்லாதது அடுத்து நடந்தது. 1783-இல் ஜெர்மானியரான ஹைன்ரிஷ் கிரெல்மன் ரோமாக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹங்கேரியிலும் திரான்சில்வேனியாவிலும் வாழ்ந்த ரோமாக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய செய்திகளை அவர் தாராளமாக எடுத்துக்கொண்டார். மொழியை வைத்து அவர்கள் இந்தியர் என்றார்; அது சரி. அடுத்த அடியில், இந்தியாவின் கடைக்கோடிச் சாதியினரான 'பரியா'க்களே அவர்கள் என்றார். சான்று? ஐரோப்பியப் பயணிகள் பரியாக்களைப் பற்றி எழுதிவைத்த வசவுகளும், ஹங்கேரியக் கனவான்கள் ரோமாக்களைப் பற்றி எழுதிவைத்த வசவுகளும் ஒத்துப்போயின. இவர்களும் செத்த விலங்கின் இறைச்சி உண்கிறார்கள், அவர்களும் உண்கிறார்கள். இவர்களும் அழுக்கு, அவர்களும் அழுக்கு. ஆகவே இருவரும் ஒன்று. இரண்டு பழிச்சொற்களைப் பக்கத்தில் வைத்து அதற்கு வரலாறு என்று பெயரிட்டார். அந்த நூல் 1787-இல் ஆங்கிலத்துக்குப் போயிற்று. ஐரோப்பா நீண்டகாலம் அதை நம்பியது.

'பரியா' என்பது பறையர் என்ற நம் தமிழ்ச் சொல். பறை என்ற இசைக்கருவியோடு சேர்த்தே பலரும் அதை விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தை மறுப்பவர்களும் நம்மிடையே உண்டு. பறையிலிருந்து வந்தது என்று கொண்டால் அதுவும் ஒரு தொழிற்பெயரே. தமிழ் மண்ணில் ஒரு கருவியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர், கப்பல் ஏறி, ஜெர்மன் நூலுக்குள் புகுந்து, ஹங்கேரியில் பூட்டும் லாடமும் செய்துகொண்டிருந்த மக்கள் மேல் வசையாக விழுந்தது. அவர்களுக்கும் நமக்கும் ரத்த உறவு உண்டா என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே சொல்லால் அடிபட்டிருக்கிறோம்.

தொழில் போனது, பெயர் போகவில்லை

20-ஆம் நூற்றாண்டில் ஆலைகள் வந்தன. கையால் செய்த ஆணிக்கும் பூட்டுக்கும் வேலையில்லாமல் போயிற்று. 1971-இல் சமூகவியலாளர் இஷ்த்வான் கெமேனி நடத்திய ஆய்வு, வேலை செய்யும் வயதிலுள்ள ரோமா ஆண்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் வேலையில் இருந்ததைக் காட்டியது. நாட்டின் மற்ற ஆண்களோடு கிட்டத்தட்டச் சமம். ஆனால் பெரும்பாலும் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கட்டடங்களிலும் கடைநிலை வேலை. 1989-க்குப் பின் அரசு ஆலைகள் மூடப்பட்டபோது முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் அவர்களே. 1993 ஆய்வில் அந்த 85, முப்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது.

அதே காலத்தில் லகாடோஷ் என்ற பெயருள்ளவர்கள் பேசவும் எழுதவும் வந்தார்கள். வேஸ்தோ என்ற ஊரில் 1926-இல் பிறந்த ரோமா எழுத்தாளர் மென்யேர்ட் லகாடோஷ் 1975-இல் 'புகை படிந்த சித்திரங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரோமாக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்து, பள்ளிக்குப் போகும் ஓர் இளைஞனின் கதை. ஊர்க்காரர்கள் பார்த்து எழுதிய ரோமா வாழ்க்கையை, அங்கேயே வாழ்ந்தவர் உள்ளிருந்து எழுதினார். நம் தன்வரலாறுகளையும் நாவல்களையும் படித்தவர்களுக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை. இசையில் ஷாண்டோர் லகாடோஷ், ரோபி லகாடோஷ் என்ற வயலின் கலைஞர்கள் உலக மேடைகளில் நின்றார்கள். மேடையில் கைதட்டுகிறவர்கள் வாடகைக்கு வீடு கேட்கும் லகாடோஷுக்குக் கதவு திறப்பதில்லை என்பது வேறு செய்தி.

அப்படியானால் பெயரை மாற்றிவிட்டால் தீருமா? மாற்றிக்கொண்ட ரோமாக் குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. வேலைக்கான விண்ணப்பம் முதல் பார்வையிலேயே குப்பைக்குப் போகாமல் இருக்க ஒருவர் எடுக்கும் முடிவு அது. ஆனால் 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்றைப் பாருங்கள். ரோமா மாணவர் இருவரைத் தவறாக மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று வகைப்படுத்திச் சிறப்புப் பள்ளியில் போட்டதற்காக ஹங்கேரி அரசைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு. அந்த வழக்கின் பெயர் ஹோர்வாத் மற்றும் கிஷ். ஹோர்வாத் என்றால் குரோவேஷியர். கிஷ் என்றால் சிறியவர். ஹங்கேரியில் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர்கள். லகாடோஷும் இல்லை, ஓர்ஷோஷும் இல்லை. பெயர் காட்டிக்கொடுக்காவிட்டாலும் குடியிருப்பு காட்டிக்கொடுத்தது, நிறம் காட்டிக்கொடுத்தது. 2008, 2009 ஆண்டுகளில் ஆயுதம் ஏந்திய இனவெறிக் கும்பல் ரோமா வீடுகளைத் தாக்கி, ஒரு குழந்தை உட்பட ஆறு பேரைக் கொன்றது. கொலையாளிகள் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. ஊரின் ஓரத்தில் எந்த வீடு இருக்கிறது என்று பார்த்தார்கள்.

பெயரை எடுத்து நிறுத்தியவர்கள்

வடகிழக்கு ஹங்கேரியில் ஷாயோகாசா என்ற ஊர் இருக்கிறது. பழைய சுரங்கப் பகுதி. வேலையிழந்த ரோமாக்கள் வாழும் இடம். 2007-இல் அங்கே டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவரின் பெயர் யானோஷ் ஓர்ஷோஷ். ஓர்ஷோஷ், கதிர் செய்பவர். அவரும் அவருடைய தோழர் திபோர் தெர்தாக்கும் அம்பேத்கரின் வாழ்க்கையைப் படித்து, மகாராஷ்டிரத்துக்கு வந்து பௌத்தரான தலித் மக்களைச் சந்தித்துத் திரும்பினார்கள். 'ஜெய்பீம்' என்ற பெயரிலேயே தங்கள் அமைப்பை நடத்தினார்கள். பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைகளை மேல்நிலைத் தேர்வுக்குத் தயார்படுத்துவது அவர்கள் பணி. ஓர்ஷோஷ் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பெயருக்குப் பக்கத்தில் அம்பேத்கரை நிறுத்தினார்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு காட்சி. 2016 பிப்ரவரியில் புதுடெல்லியில் சர்வதேச ரோமா மாநாடு நடந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் ரோமாக்களை இந்தியாவின் பிள்ளைகள் என்று வரவேற்றார். ஆயிரம் ஆண்டுக்கு முன் போன பிள்ளைகளை அணைப்பது எளிது. வீட்டிலிருக்கும் பிள்ளைகளைச் சேரியில் வைத்திருக்கும் நாடு அதைச் சொல்லும்போதுதான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இந்தியத்தன்மையைத் தேடும் உறவு ஒன்று. சாதி ஒழிப்பைத் தேடும் உறவு ஒன்று. ஷாயோகாசா மக்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஹங்கேரிய அரசு ரோமாக்களைத் தலை எண்ணிய அதே 1893-இல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். அவர்கள் இழிவாக வீசிய சொல்லை இதழின் நெற்றியில் எழுதினார். அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். அது நம்மீது சுமத்தப்பட்டது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பெயரை ஏந்துவது, பெயரை மறுப்பது, பெயரின் வாலை வெட்டுவது என்று மூன்று வழிகளும் நம் வரலாற்றில் இருக்கின்றன. இந்த மூன்றில் எது சரி என்று நாம் இன்னும் விவாதிக்கிறோம். லகாடோஷின் வரலாறு அந்த விவாதத்துக்கு ஒன்றைச் சேர்க்கிறது: பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்தப் பெயரோடு பிறந்தவர் தொழிலையும் தெருவையும் பள்ளியையும் தானே தேர்ந்தெடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. கோவாச்சின் பேரனுக்கு முடிந்தது; அவன் பெயர் வெறும் ஓசையாயிற்று. லகாடோஷ் என்ற ரோமாவின் பேரனுக்கு முடியவில்லை; தொழில் போன பின்பும் பெயர் சுமையாகவே இருக்கிறது. நம் நாட்டில் பட்டம் நீங்கிய பிறகும் 'எந்தத் தெரு?' என்ற கேள்வி நீங்காததற்கும் காரணம் இதுவே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பதிவேடுகளை, பள்ளிச் சேர்க்கைப் புத்தகங்களை, பழைய கிராமக் கணக்குகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் பாட்டனின் பெயரை யார், எந்த எழுத்தில், என்ன சேர்த்து எழுதினார்கள் என்று பாருங்கள். பிறகு அந்த எழுதுகோலை உங்கள் கையில் எடுங்கள். மென்யேர்ட் லகாடோஷ் எடுத்தார். இரட்டைமலையார் எடுத்தார். யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ அவரைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அதுதான். அந்த வேலை நம்மிடம் வந்திருக்கிறது.

ஜெய்பீம்.